உயிரோடு இருந்தவரைக் கொன்று விற்ற உப்பு

2005-ஆம் வருடம், சுனாமி வந்து போன அடுத்த கோடை. அப்போது நாங்கள் மரக்காணத்தில் இருந்தோம். என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். அதன் பின்பக்கம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் நான் வெளிநாடு வரைக்கும் உப்பு விற்றேன். சிரிக்காதீர்கள், நிஜம்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆரோவில்லில் சோப்பு தயாரிக்கும் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தேன். பொருட்களைக் கலக்கவும், காயவைக்கவும், பார்க்க அழகாகப் பொட்டலம் போடவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி வந்த பிறகு, பூத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு இமெயில் குழுவில் சேர்ந்தேன். சென்னை, பெங்களூர், துபாய், அமெரிக்கா என்று சிதறிக் கிடந்த நம்ம ஊர்க்காரர்கள் சமையலும் கைவைத்தியமும் பேசிக்கொள்ளும் குழு அது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம்.

நான் விற்பதற்காக எழுத ஆரம்பிக்கவில்லை. உப்பளத்தைப் பற்றி எழுதினேன். பாத்தியில் தண்ணீர் எப்படிக் கெட்டியாகும், வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கண் எப்படி எரியும், எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால் எத்தனை நாள் உழைப்பு கரைந்து போகும், இதையெல்லாம் எழுதினேன். வெந்நீரில் கல்லுப்பும் வெட்டிவேரும் நொச்சி இலையும் போட்டுக் காலை ஊறவைத்தால் வலி குறைகிறது என்று ஒரு நாள் எழுதினேன். உடனே நாலு பேர், "எங்களுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டார்கள். அப்படித்தான் தொடங்கியது. மழைக்காலத்தில் பொட்டலம் கசியும் என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்புவேன். அப்படிச் சொன்னதால் யாரும் வாங்காமல் போகவில்லை. உண்மையைச் சொல்கிறவளிடம் இன்னொரு தடவை வாங்கத்தான் வந்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு அனுமந்தை பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு அக்கா என்னிடம் வேலைக்கு வந்தார். கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்றவர். அந்த மாதங்களில் கடல் மீன் என்றாலே ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அலை கொண்டுபோன உடல்களை மீன் தின்றிருக்கும் என்று பயம். படகு உடைந்து போனதால் அவர் கணவருக்கும் வேலை இல்லை. "மீன் எடுத்த கை, உப்பு எடுக்காதா?" என்று சிரித்தபடிதான் வந்தார். அவர் வந்த பிறகு என் வீட்டில் நாள் முழுக்கப் பேச்சும் சிரிப்பும்தான்.

இந்தச் சமயத்தில்தான் குழுவில் இருந்த ஒரு சென்னைக்காரர் எனக்கு எழுதினார். விளம்பரத் துறையில் இருக்கிறாராம். "உங்க பொருள் நல்லா இருக்கு மேடம், ஆனா உங்களுக்கு மார்க்கெட்டிங் தெரியல. நான் இலவசமா ஒரு வெப்சைட் செஞ்சு தர்றேன்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார். எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டார், உப்பளத்தைச் சுற்றிப் பார்த்தார், போட்டோ எடுத்தார். உப்பு வெளிச்சம் கண்ணைக் கூச, அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையும் எடுத்தார். "வெயில்ல மூஞ்சி கோணிக்கிச்சு, வேற எடுங்க சார்" என்று அக்காவே சொன்னார். "இல்லம்மா, இதுதான் ரொம்ப நேச்சுரலா இருக்கு" என்றார் அவர்.

பிறகு வெப்சைட்டைத் திறந்து காட்டினார். உப்புக் குவியல், பொட்டலம், விலை, வாங்கும் முறை. எல்லாம் சரியாக இருந்தது. நான் சரி சொன்னேன். ஆர்டர் கூடியது. கூடியது என்றால், எங்களால் சமாளிக்க முடியாத அளவுக்கு. நானும் வெட்டிவேரின் மகிமை என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்தேன்.

ஆடி மாதம் ஒரு நாள் முற்பகல். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு அம்மா பூத்துக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர். அந்த இமெயில் குழுவை நடத்துகிறவரே வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகன்தான். கையில் ஒரு பை நிறையப் பழம். "அந்த போட்டோவுல இருக்கிற பொண்ணை நேர்ல பார்க்கணும்மா. மனசு கேக்கல" என்றார். சென்னைக்காரர் அக்காவின் போட்டோவையும் வெப்சைட்டில் சேர்த்திருப்பார் என்று நினைத்தேன். வாடிக்கையாளர் ஒருவர் இவ்வளவு தூரம் பார்க்க வருகிறாரே என்று பெருமையோடு, ஆட்டோவில் ஏற்றிக் குப்பத்துக்குக் கூட்டிப் போனேன். அன்று அக்கா வேலைக்கு வரவில்லை, ஆடிக் கூழ் ஊற்றும் வேலை இருந்தது.

வாசலில் அக்காவைப் பார்த்ததும் டீச்சரம்மா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அக்கா என்னைப் பார்க்கிறார், நான் அக்காவைப் பார்க்கிறேன். எதுவும் புரியவில்லை. டீச்சரம்மா பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துக் கொடுத்தார். பூ இல்லை, கரை இல்லை, வெளிறிப்போன சந்தன நிறம்.

"பொட்டு வெச்சிருக்கியேம்மா, ரொம்ப நல்லது. யாரு என்ன சொன்னாலும் எடுக்காத. அதெல்லாம் பழைய காலம்" என்று அக்காவின் தலையைத் தடவினார்.

"நான் ஏம்மா பொட்டை எடுக்கணும்?" என்றார் அக்கா.

அப்போது உள்ளேயிருந்து, "யாரு வந்துருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே கையில் வலையோடு ஒரு ஆள் வெளியே வந்தார்.

"இவர் யாரு?" என்றார் டீச்சரம்மா.

"எங்க வூட்டுக்காரரு."

டீச்சரம்மாவின் முகம் அப்படியே மாறியது. தயங்கித் தயங்கி, "மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கிட்டியாம்மா?" என்று கேட்டார். அந்த மனிதர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சரம்மா அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல், பையிலிருந்து ஒரு பிரிண்ட் அவுட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

எங்கள் வெப்சைட்தான். ஆனால் நான் சரி சொன்ன பக்கம் இல்லை, அதற்குப் பிறகு அவர் சேர்த்த பக்கம்; ஆர்டர் மும்முரத்தில் நான் வெப்சைட்டை மறுபடி திறந்தே பார்க்கவில்லை. அக்கா கண்ணைத் துடைக்கும் அந்த போட்டோ பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே இங்கிலீஷில், சுனாமி இந்தப் பெண்ணின் கணவனைக் கொண்டுபோய்விட்டது, இனி இந்த உப்புதான் இவளுடைய வாழ்க்கை, நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொட்டலமும் இவளுடைய ஒரு துளிக் கண்ணீரைத் துடைக்கும் என்று எழுதியிருந்தது.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா கணவரின் சிரிப்பு நின்றுபோனது. அக்கா அந்தப் புடவையைக் கீழே வைத்தார். பிறகு அக்கா போட்ட சத்தம் இருக்கிறதே, கடல் சத்தம்கூடக் கேட்கவில்லை எனக்கு.

"உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்குற மனுசன சாவடிச்சி உப்பு விக்கறானா? என் தாலிய அறுக்க அவன் யாரு? என் மூஞ்சிய எவ்ளோக்கு வித்தான்? கேளு, நீ போய்க் கேளு!"

அக்கம்பக்கத்து ஜனம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு பெண். அவருடைய கணவர் நிஜமாகவே அந்த அலையில் போனவர். அந்தப் பெண் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று, மெதுவாகத்தான் கேட்டார். "செத்தது எங்க வூட்டுல. அத உங்க வூட்டுதுன்னு சொல்லி வித்தீங்களா?"

நான் செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நின்றேன். அந்த அவமானத்தில்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

பூத்துக்கு வந்து சென்னைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் பதறவே இல்லை. "மேடம், உப்பை யாரு வாங்குவா? அது எல்லாக் கடையிலயும் கிடைக்குது. மக்கள் வாங்கறது கதையை" என்றார்.

"அது கதை இல்ல சார், பொய்."

"அந்த ஊர்ல எத்தனையோ பேருக்கு நடந்ததுதானே? அவங்களுக்கு நடக்கலைன்னா என்ன? அவங்களுக்கும் வேலை கிடைக்குதில்ல? ஆர்டர் வரும்போது கேள்வி கேக்கலையே நீங்க."

"அந்தப் பக்கத்தை எடுங்க."

"நல்லா போயிட்டிருக்கறதை எதுக்குக் கெடுக்கறீங்க? யோசிங்க. அப்புறம், வெப்சைட் என் பேர்லதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இலவசம் என்று சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. நிவாரணம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. புருஷன் செத்ததாகக் காட்டி அந்தக் குடும்பம் வெளிநாட்டுப் பணம் வாங்குகிறது என்று குப்பத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் கூப்பிட்டார்கள். தப்பு என்று முடிவானால் ஊரோடு சேர்க்க மாட்டார்கள், நிவாரணத்தில் புதிதாக வரும் படகில் பங்கும் கிடையாது. அக்கா என் மேலும் கோபமாகத்தான் இருந்தார். "உன்னை நம்பித்தான போட்டோவுக்கு நின்னேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் பஞ்சாயத்து. நானும் என் கணவரும் போயிருந்தோம். நான் நடந்ததைச் சொன்னேன். "நீயும் லாபம் பாத்தவதான?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. அந்த டீச்சரம்மா. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பூத்துக்குப் போன் செய்தபோது விஷயம் தெரிந்து, பாண்டிச்சேரியிலிருந்து தானே கிளம்பி வந்திருந்தார்.

"நான் கொண்டுவந்த புடவையைக்கூட இந்தப் பொண்ணு வாங்கிக்கல. எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. ஏமாந்தது நான், ஏமாத்தினது அந்த ஆளு. இவங்களைத் தண்டிச்சீங்கன்னா அவன் செஞ்ச பாவத்துல நீங்களும் பங்கு வாங்கிக்கறீங்க" என்றார். முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டிய குரல் இல்லையா, கூட்டம் அடங்கிவிட்டது.

பெரியவர் ஒருவர் அக்காவின் கணவரைப் பார்த்து, "ஏம்பா, நீ இன்னா சொல்ற?" என்றார். "நான் இன்னாத்த சொல்றது? நான்தான் செத்துட்டனே" என்றார் அவர். கூட்டம் சிரித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பொய்யை எங்கே போட்டார்களோ அங்கேயே உண்மையைப் போடவேண்டும், அதுதான் தீர்ப்பு என்று சொல்லிக் கலைந்தார்கள்.

மறுநாள் அக்கா பூத்துக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "என் புருஷன் உயிரோட இருக்காரு. நான் அழுவல, வெயிலுக்குக் கண்ணு கூசிச்சி. உப்பு நல்லா இருந்தா வாங்குங்க. என்னைப் பாவம் பாத்து வாங்காதீங்க." அவ்வளவுதான். வெப்சைட் அந்த ஆள் கையில் இருந்ததால், குழுவுக்கு அதை அப்படியே அனுப்பினேன்.

டீச்சரம்மாவின் மகன் குழுவிலிருந்து அந்த ஆளை நீக்கினார். நாலு பக்கமிருந்தும் ஆட்கள் எழுதிக் கேட்கவே, வேறு வழியில்லாமல் சென்னைக்காரர் அந்தப் பக்கத்தையும் எடுத்தார். ஆனால் குழுவில் எல்லோரும் எங்கள் பக்கம் நின்றார்கள் என்று நினைக்காதீர்கள். "நல்லது நடக்கிறப்ப இவ்வளவு நுணுக்கம் பார்க்கணுமா?" என்று சிலர் எழுதினார்கள். "அப்போ நாங்க ஏன் வாங்கணும்?" என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். விதவை இல்லை என்று தெரிந்ததும் ஆர்டரைத் திரும்பப் பெற்றவர்கள் உண்டு. ஒரு குடும்பத்தில் சாவு விழவில்லை என்பதற்காக மனிதர்களுக்கு ஏமாற்றம் வருமா? வந்தது. என் கண்ணால் படித்தேன்.

புதிதாகச் சேர்த்த இரண்டு பெண்களையும் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அதைச் சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போன நாள் எனக்கு இப்போதும் கசப்புதான். பழையபடி கால்வலிக்காக வாங்கியவர்கள் மட்டும் மிச்சமிருந்தார்கள். அவர்களை வைத்துத்தான் அடுத்த வருடமும் ஓட்டினேன். கடல் மீன் மறுபடியும் விற்க ஆரம்பித்ததும் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பூத்தைத் தாண்டும்போது மட்டும் நின்று, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்.

அந்தச் சென்னைக்காரர் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ஏதோ ஒரு கூட்டத்தில், கடற்கரைப் பெண்களின் வாழ்க்கையைத் தன் விளம்பரத்தால் தூக்கி நிறுத்தியதாகப் பேசினாராம். அக்காவின் அதே போட்டோவைத் திரையில் காட்டினாராம். ஜனங்கள் கைதட்டினார்களாம்.

எத்தனையோ பேர் இன்று என்னிடம் வியாபார ஆலோசனை கேட்கிறார்கள். பொருளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, செய்கிறவர்களின் துக்கத்தை அவர்களைக் கேட்காமல் தொடாதே என்றுதான் சொல்கிறேன். அன்று குப்பத்து வாசலில் எனக்கு வந்த கோபம் இத்தனை வருடம் ஆகியும் ஆறவில்லை, அது ஆறாமல் இருப்பதுதான் என்னை நேர்மையாக வைத்திருக்கிறது என்று நம்புகிறேன்.