நாலாவது புகைபோக்கி

பொன்னுச்சாமி மாஸ்டர் இறந்துவிட்டார் என்று செல்வி போன் செய்தபோது, நான் அருள்புரம் கம்பெனியில் ஒரு டி-ஷர்ட்டின் கழுத்தளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி என் பழைய செக்கிங் பிள்ளைகளில் ஒருத்தி. “எம்டன் மாஸ்டர் போயிட்டாருக்கா” என்று விசும்பினாள். எனக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த டேப்பைக்கூடக் கீழே வைக்கவில்லை. “எப்பம்?” என்று கேட்டுவிட்டு மீதிப் பீஸ்களையும் அளந்து முடித்தேன். அதற்குப் பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டாரே இந்த மனிதர் என்று பற்றிக்கொண்டு வந்தது.

அவர் நினைவாக வெளியிடும் மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி பழைய கம்பெனியிலிருந்து கேட்டார்கள். செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பது அவர்கள் எண்ணம் என்றால், என்னிடம் கேட்டிருக்கக் கூடாது.

அவர் பேட்டர்ன் மாஸ்டர். பனியன் துணியை வெட்டுவதற்கு முன் அதன் உருவத்தை அட்டையில் வரைந்து வெட்டித் தருகிறவர். பின்னல் துணி சலவையில் சுருங்கும். அதனால் சுருங்கப்போகிற அளவை முன்கூட்டியே சேர்த்துத்தான் அட்டையை வெட்டுவார்கள். மற்ற மாஸ்டர்கள் கால்குலேட்டரைத் தட்டுவார்கள். இவர் தட்ட மாட்டார், கை தானாகக் கூட்டிக்கொள்ளும். “கத்திரி பொய் சொல்லாதுங்க, புடிச்ச கைதான் சொல்லும்” என்று ஒரு நாளைக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார். ஒரு நூலிழை கோணலாக வெட்டிய பையனை அத்தனை பேர் முன்னால் நிற்கவைத்து, “கண்ணு, நீ கத்திரியக் கீழ வெச்சுட்டு ஊட்டுக்குப் போயி சோறு ஆக்கு சாமி” என்பார். கொங்கு மரியாதையில் ஒரு ‘ங்க’ போட்டுக்கொண்டே ஆளைத் தோலுரிக்கத் தெரிந்தவர். பொல்லாத ஆள் என்று நாங்கள் அவருக்கு எம்டன் எனப் பேர் வைத்தது, எம்டன் கப்பலின் மாதிரியை அவர் செய்வதற்கு ரொம்ப நாள் முன்னால்.

கப்பல் ஆசை எப்படி வந்ததோ, தெரியாது. முதல் உலகப் போரில் சென்னை மேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பலின் வரைபடம் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்து, செய்யப்போகிற கப்பலின் அளவுக்கே பெரிதாக்கி, கட்டிங் செக்‌ஷன் சுவரில் ஒட்டினார். ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசலில் எம்டனை நிறுத்தப்போவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் கம்பெனிக்குக் கம்பெனி போட்டி. முதலாளி உடனே ஒரு கட்டிங் டேபிளையே ஒதுக்கிக் கொடுத்தார்.

நான் அப்போது அங்கே செக்கிங் இன்சார்ஜ், தைத்து வந்த பீஸ்களின் அளவைச் சரிபார்க்கிறவள். ஒரு நாள் மாஸ்டர் என் டேபிளுக்கு வந்தார். “அம்மிணி, நீங்க தூத்துக்குடிங்களா? கப்பலெல்லாம் பாத்திருப்பீங்கல்ல?”

“எங்க அப்பா ஹார்பர்லதான் வேல பாத்தாவ மாஸ்டர். பாக்காம இருப்பேனா?”

“அப்ப ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சதும் வந்துருங்க” என்றார். வர முடியுமா என்று கேட்கவில்லை, வந்துவிடச் சொன்னார்.

போனேன், என் கிறுக்குத்தனம். ஞாயிறு ஞாயிறாகப் போனேன். நிட்டிங் மெஷினில் கழித்துப் போட்ட ஊசிகளை நட்டுக் கைப்பிடிக் கம்பி செய்தோம். கோன் நூலை மெழுகில் முக்கிக் கயிறாக்கினோம். துணி ரோலின் அட்டைக் குழாயை அறுத்துப் புகைபோக்கி செய்தோம், எம்டனுக்கு மூன்று. நங்கூரச் சங்கிலி எந்தத் துவாரத்தில் இறங்கும் என்று நான் சொன்னால், “அப்பிடீங்களா” என்பார். மறு நாள் முதலாளியிடம் அதையே தான் கண்டுபிடித்ததாகச் சொல்லுவார். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அவர் கைவேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலத்தான் இருக்கும். அந்த அழகுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கப்பலின் இரண்டு பக்கப் பலகைகளுக்கும் அட்டை வெட்டியவர் அவர். மேல்தளத்துக்கு வரைபடத்தில் அளவெடுத்துப் பலகை அறுத்து வாங்கியவள் நான். பூஜைக்கு முதல் நாள், முதலாளி, டெய்லர்கள், என் செக்கிங் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நிற்க, தளத்தைத் தூக்கிக் கப்பலுக்குள் வைத்தோம். முன்னால் சரியாகப் பொருந்தியது. பின்னால் ஒரு சாண் இடைவெளி, உள்ளே குனிந்தால் டேபிள் தெரிந்தது.

 மாஸ்டர் பலகையைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “அம்மிணி டேப் புடிச்சதுலதானுங்க கோளாறு.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க மேடம், செக்கிங்கே இப்பிடி அளந்தா நம்ம பீஸெல்லாம் என்னாகறதுங்க?” எல்லோரும் சிரித்தார்கள். என் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் நான் அட்டைகள் தொங்கும் கம்பிக்குப் போனேன். மாஸ்டரின் அட்டையை எடுத்து வரைபடத்தோடு வைத்து அளந்தேன். பனியன் துணிக்கு அவர் தினமும் எவ்வளவு கூட்டுவாரோ, அதே அளவு கூடியிருந்தது. மனிதர் போர்க்கப்பலுக்குச் சலவைச் சுருக்கம் வைத்து வெட்டியிருக்கிறார்! கை பழக்கம். யாருக்கும் வரக்கூடியதுதான், நானே சேர்ந்து சிரித்திருப்பேன்.

அட்டையை அவரிடம் நீட்டினேன். “மாஸ்டர், முதலாளி முன்னால ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

அட்டையை வாங்கிக்கொண்டார். “இத்தன வருசம் மாஸ்டரா இருக்கறவன் மரத்துக்குச் சுருக்கம் வெச்சேன்னா ஊரே சிரிக்குமுங்க.”

“இப்பம் என்னையப் பாத்துல்லா சிரிக்காங்க?”

“கப்பல்தானுங்க அம்மிணி. வுடுங்க.”

“ஒங்களுக்குக் கப்பலு. எனக்குப் பேரு.”

மாஸ்டர் கத்திரியை எடுத்தார். என் கண் முன்னாலேயே அந்த அட்டையை நறுக்கி வேஸ்ட் மூட்டையில் போட்டார். கத்திரி பொய் சொல்லாதாம்.

விடிவதற்குள் அந்த ஒரு சாண் இடைவெளியில் ஒரு பலகைத் துண்டைச் சொருகி, மேலே நாலாவதாக ஒரு புகைபோக்கியை நிறுத்திவிட்டார். பூஜைக்கு வந்த வரலாற்று வாத்தியார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அசந்தே போனார். எதிரிகளை ஏமாற்ற எம்டன் பொய்யாக ஒரு நாலாவது புகைபோக்கி வைத்துக்கொண்டு திரிந்ததாம், அது நிஜமாம். “இது தெரிஞ்சு செஞ்சிருக்கீங்களே மாஸ்டர்!” என்றார். மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, “ஏதோ நமக்குத் தெரிஞ்சதுங்க” என்றார். முதலாளி அவருக்குச் சால்வை போர்த்தினார். ஓட்டை அடைக்க வைத்த குழாய்க்குச் சால்வை! கப்பலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி மாஸ்டரிடம் இருந்தது. அதற்குப் பிறகு யார் போய் அளப்பது?

அடுத்த மாதம் முதல், நான் பார்த்து அனுப்பிய பீஸை மறுபடி அளக்க எனக்குப் பின்னால் ஒரு ஆளை உட்காரவைத்தார்கள். ஒரு பீஸில்கூட அவன் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் அவன் நாற்காலி அங்கேயே கிடந்தது. செக்கிங்கில் இருக்கிறவளுக்கு அளவை விட்டால் வேறு என்ன இருக்கிறது? வேலையை விட்டேன். மாஸ்டர் வாசல் வரை வந்து, “போயிட்டு வாங்க அம்மிணி” என்றார். இந்த மரியாதைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

துக்கத்துக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். மண்ணரையில் அவர் வீட்டுக்குப் போய் நின்ற பிறகுதான் வந்துவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. அவர் மனைவி சரோஜாக்கா என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய், ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே அந்த நாலாவது புகைபோக்கி.

“படுக்கையில வுழுகறதுக்கு முன்னாடி கம்பெனிக்குப் போயி, கண்ணாடியத் தொறந்து, இதக் கழட்டிட்டு வந்தாருங்க. அடியில இருந்த பலகைத் துண்டையும் பேத்துட்டாராமாங்க. முதலாளி கேட்டதுக்கு, இனி அது அப்பிடியே இருக்கட்டும்னு சொல்லிட்டாருங்க. இத உங்க கையில குடுக்கோணும்னாரு.”

“வேற ஏதாவது சொன்னாவளா?”

“இல்லீங்க.”

வெளியே வந்து குழாய்க்குள் கைவிட்டுப் பார்த்தேன். வெறும் குழாய். பஸ் ஸ்டாப்பில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். கம்பெனி வரைக்கும் நடந்து போய்க் கழற்றத் தெம்பு இருந்திருக்கிறது. அருள்புரத்துக்கு ஒரு போன் போட முடியவில்லை.

மாஸ்டரைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கப்பல் அங்கேயேதான் நிற்கிறது, கண்ணாடி இப்போது பூட்டாமல் இருக்கிறது. வரைபடமும் சுவரில் இருக்கிறது. அஞ்சலி செலுத்தப் போகிறவர்கள் பூவோடு ஒரு டேப்பும் கொண்டுபோங்கள். வரைபடத்தை அளந்துவிட்டுத் தளத்தை அளங்கள், பிறகு பக்கப் பலகையை அளங்கள். இதை முதலாளியும் செய்தால் சந்தோஷப்படுவேன்.

புகைபோக்கி இப்போது என் செக்கிங் டேபிளில் நிற்கிறது. டேப்பையும் சாக்பீஸையும் அதற்குள்தான் போட்டுவைக்கிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, “இது என்னங்கக்கா?” என்று கேட்டாள்.

“ஒருத்தர் எங்கிட்டக் கேட்ட மன்னிப்பு” என்றேன்.

எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தாள். “கனமே இல்லீங்களே!”

“அட்டதான, அப்படித்தான் இருக்கும்” என்று வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.