பாக்கியம் அக்காவின் பாட்டும் நான் சொன்ன பொருளும்

செய்தியைச் சொன்னவர் ரோஸ் பெல் பஸ்ஸின் கண்டக்டர். நான் வேலை பார்க்கும் நீதிமன்றத்துக்கு எதிரில்தான் அந்த பஸ் நிற்கும். காலையில் கையில் கட்டுக் காகிதங்களோடு நான் நீதிமன்றப் படியேறப் போகும்போது அவர் பஸ் படிக்கட்டிலிருந்து தலையை நீட்டி, "மிசியே, மதாம் பாக்கியம் ஃபின் மோர்" என்று கிரியோலில் சொன்னார். பிறகு எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்தவரைப் போல, "பாக்கியம் அம்மா செத்துப்போச்சு, வெடியக்காலைல" என்று தமிழிலும் சொன்னார். பஸ் கிளம்பிவிட்டது. நம் தீவில் சுதந்திரக் கொடி ஏறி இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை. தெருவில் கட்டிய காகிதத் தோரணங்கள் மழையில் நனைந்து சாயம் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. நான் உள்ளே போய் மாலை நான்கு மணி வரை வேலை பார்த்தேன். அன்று யாருடைய வாக்குமூலங்களை மொழிபெயர்த்தேன் என்று இப்போது நினைவில்லை.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. கரும்பு வெட்டியவர், களை எடுத்தவர், பின்னாளில் ரோஸ் பெல் சந்தையில் கீரை விற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது. தானே பாட்டுக் கட்டித் தானே பாடினார். எந்தச் சங்கத்திலும் எந்தக் கட்சியிலும் அவர் பெயர் இருந்ததில்லை. "சங்கம் வேணும் தம்பி, இல்லேங்கல. ஆனா சங்கத்துக்கு ஒரு செக்ரெத்தேர் இருப்பான். அவன் என் பாட்டைத் திருத்துவான்" என்பார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன்.

உலகப் போருக்கு நடுவே வேலைநிறுத்தங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவிய காலம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்திருந்தேன், வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு சனிக்கிழமை போலீஸ் அதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டு, கான் தெ மாஸ்க் கிராமத்தில் ஒரு கூலிப் பெண் கோயில் மைதானத்தில் பாடுகிறாள், ஜனம் கூடுகிறது, நாளை போய் அவள் பாடுவதை அப்படியே எழுதிக்கொண்டு வா என்றார். மறுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் அப்பாவும் கரும்பு வெட்டியவர்தான். அதைக்கூட அப்போது நினைக்கவில்லை.

ஞாயிறு மதியம் மைதானத்தில் இருநூறு பேருக்குமேல் இருந்தார்கள். வேட்டி கட்டியவர்கள், வேலைத்துணியோடு வந்தவர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். மேடை கிடையாது. பாயில் ஒல்லியான ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் இன்னொரு பெண் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டித் தாளம் போட்டார். அக்காவுக்கு இனிமையான குரல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கரகரத்த, தட்டையான குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. கோயில் பாட்டின் மெட்டில் கங்காணியைப் பற்றிப் பாடினார். நம் ஊரில் அவனுக்கு சர்தார் என்று பெயர். அவன் அளவுகோலை வைத்துத்தான் ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று அளப்பான்.

"சர்தார் கையிலே கோல் வளருது,
தெனமும் ஒரு சாண் கோல் வளருது.
கரும்பு வளரல, கூலி வளரல,
கணக்கப் பாத்தா கோல் வளருது."

ஜனம் சிரித்தது. பெண்கள் திருப்பிப் பாடினார்கள். நான் ஒரு மரத்தடியில் நின்று பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தேன். என் கை பின்தங்கியது. அக்கா அதைப் பார்த்துவிட்டார். பாட்டை நிறுத்தி, "அங்க எழுதற தம்பிக்காக இன்னொரு தடவ பாடறேன். மெதுவா எழுது தம்பி, ஒரு எழுத்து விட்டுடாதே" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அன்பாக. தன் பாட்டை ஒருவன் காகிதத்தில் ஏற்றுகிறான் என்று அக்காவின் முகத்தில் பெருமை தெரிந்தது. எனக்காகவே நிறுத்தி நிறுத்தி அடுத்த அடியைப் பாடினார்:

"இன்னைக்கு வெட்டினோம் இந்தத் தலை,
நாளைக்கு எந்தத் தலை, தொரையே,
நாளைக்கு எந்தத் தலை?"

கரும்புக்காட்டில் பிறந்தவர்களுக்கு இது புரியும். ஒவ்வொருவரும் வெட்டத் தொடங்கும் வரிசையின் முனையைத் தலை என்போம். காலையில் சர்தார் வந்து, உனக்கு இந்தத் தலை, உனக்கு அந்தத் தலை என்று பிரித்துக் கொடுப்பான். இன்று இங்கே வெட்டிவிட்டோம், நாளை எங்களை எங்கே விரட்டப் போகிறாய் என்பது கேள்வி.

ஆறு வாரத்துக்குப் பிறகு அக்கா கூண்டில் நின்றார். கலகத்தைத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. சாட்சி என் தாள்தான். மொழிபெயர்ப்பாளனும் நானே. நான் உள்ளே வந்ததும் அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் முதலில் வந்தது ஒரு சின்னச் சிரிப்பு, தெரிந்த ஆளைப் பார்த்தால் வருமே, அது. நான் சத்தியப் பிரமாணம் எடுத்ததும் அது போய்விட்டது.

நான் பாட்டை வரிவரியாகப் பிரெஞ்சில் சொன்னேன். 'தலை' வந்தபோது நீதிபதி நிறுத்தினார். "தலை என்றால் மனிதனுடைய தலையா?"

"ஆமாம், ஐயா."

"இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா?"

போலீஸ் அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த மாதம் வரவேண்டியிருந்தது. நான் "இல்லை" என்றேன்.

மூன்று மாதச் சிறை. அக்கா உள்ளே போன அடுத்த வாரம் தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து அவர் குடும்பத்தை வெளியேற்றினார்கள். கணவர் ஆறுமுகம் அண்ணன் இரண்டு பெண் குழந்தைகளோடு ரோஸ் பெல்லில் ஒரு உறவினரின் மாட்டுக்கொட்டகையில் போய்த் தங்கினார். மழைக்காலம். சின்னவளுக்கு நான்கு வயது. மலேரியா வந்தது. தாய் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அந்தக் குழந்தை இல்லை. கரும்பைப் பற்றி, கோலைப் பற்றி, ரேஷன் அரிசியைப் பற்றியெல்லாம் பாடிய அக்கா அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வரிகூடப் பாடியதில்லை.

இதெல்லாம் எனக்கு வெகு காலம் தெரியாது. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று, கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வேலையாக ரோஸ் பெல் போனபோது சந்தையில் கீரைக்கட்டுகளுக்குப் பின்னால் அவரைப் பார்த்தேன். திரும்பிப் போய்விட்டேன். அடுத்த வாரமும் போனேன். மூன்றாம் தடவை அவராகவே கூப்பிட்டார். "தம்பி, கீரை வாங்க வந்தியா, என்னைப் பாக்க வந்தியா?"

சந்தை கலைந்த பிறகு அவர் பக்கத்தில் கவிழ்த்து வைத்த பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிரெஞ்சில் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று. அக்கா கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு அது வெளங்கலேன்னு நெனச்சியா? 'லா தெத்'துன்னா தலைன்னு எனக்குத் தெரியாதா? கிரியோல் பேசி வளந்தவ நான், பிரெஞ்சுக்குப் பக்கம்தானே அது. நீ 'நோன்', இல்லைன்னு சொன்னதும் காதுல விழுந்துச்சு."

"அப்பவே எழுந்து சொல்லியிருக்கலாமே அக்கா. அது வரிசையோட தலைன்னு."

"சொன்னா பொய் ஆயிருக்கும். ரெண்டையும் நெனச்சுத்தான் பாடினேன். வெட்டுக்கத்தி கையில வச்சிருக்கிறவளுக்கு ரெண்டும் தோணாதா?" தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ சொன்னது தப்பில்ல தம்பி. பாதி. பாதிய மட்டும் சொல்லிட்டு, மீதி இல்லேன்னுட்ட."

அப்போதுதான் குழந்தையைப் பற்றியும் சொன்னார். நான் அழுதேன். அவர் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. எழுந்திருக்கும்போது, "வீட்டுக்கு வா. ஆனா நீதான் அதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லாதே. கோர்ட்டுக்கு அவர் வரல, அது வெட்டு சீசன். தெரிஞ்சா உன்னை உள்ள விடமாட்டார்" என்றார். ஏன் கூப்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை. பல ஆண்டுகள் அந்த வீட்டுக்குப் போனேன். ஆறுமுகம் அண்ணன் என்னைப் படித்த பிள்ளை என்று மதித்துத் தன் கையாலேயே டீ போட்டுக் கொடுப்பார். புறப்படும்போதெல்லாம் வாசல் வரை வந்து "போயிட்டு வா தம்பி" என்பார்.

கட்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் வண்டி வரும். சிறைக்குப் போன பாடகி மேடையில் இருந்தால் நல்லது என்று அவர்களுக்குத் தெரியும். கடைசித் தேர்தலின்போது வந்த இரண்டு பேர் மணிக்கணக்கில் கெஞ்சினார்கள். "நான் ஜெயிலுக்குப் போனது உங்களுக்காக இல்லியே, மிசியே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால் அதே ஆண்டு களை எடுக்கும் பெண்களைத் தோட்டம் வேலையிலிருந்து நிறுத்தியபோது, யாரும் கூப்பிடாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் பக்கத்து மரத்தடியில் பாடப்போவதாகச் சொன்னார். நான் என் மகள் மாலாவை அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினாறு வயது. கோயிலில் பாடும் நான்கைந்து பாட்டுக்கு மேல் தமிழ் தெரியாது. நாற்பது பேர்தான் வந்திருந்தார்கள், பாதிப்பேர் வயதானவர்கள். தகரம் தட்டிய அந்தப் பெண் இறந்துபோயிருந்தார். அக்கா தன் தொடையில் தட்டிக்கொண்டார். அறுபது வயதுக் குரல் அடிக்கடி உடைந்தது. ஓரத்தில் நின்ற சில வாலிபர்கள் சிரித்தார்கள். நடுவில் ஒரு கட்சி வண்டி ஒலிபெருக்கியோடு போனது. அது முழுதாகக் கடந்து போகும்வரை அக்கா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். பிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடங்கினார்.

கடைசியில் கோல் பாட்டைப் பாடினார். சிறைக்குப் பிறகு அதை அவர் பாடி யாரும் கேட்டதில்லை. 'நாளைக்கு எந்தத் தலை' என்று வந்தபோது மாலா என் கையை இழுத்து, "அப்பா, கி லி பே திர்?" என்று கேட்டாள். என்ன சொல்கிறார் என்று. நான் அவளுக்குக் கிரியோலில் சொல்லத் தொடங்கினேன். கரும்பு வரிசையின் முனையைச் சொன்னேன், சர்தாரைச் சொன்னேன், பிறகு மனிதனுடைய தலையையும் சொன்னேன். "இதில் எது?" என்றாள். "து லே தே" என்றேன். இரண்டும். அவள் என் கையை விடாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு அக்கா என்னிடம், "இந்தத் தடவ நோட்டு கொண்டுவரலியா?" என்றார். கேலிதான். வெறும் கையை விரித்துக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. தொண்டையில் வந்த நோய் மெல்ல மெல்லப் பேச்சையும் எடுத்துக்கொண்டது. கொடி ஏறிய அன்று நான் போனேன். அண்ணன் ரேடியோவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஜனங்களின் ஆரவாரம் கேட்டது. அக்கா என்னைக் குனியச் சொல்லிக் காற்றாகச் சொன்னார்: "கொடிக்கம்பம் புதுசு. அளக்கற கோலு?" அதுதான் அவரிடமிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு.

இறுதி ஊர்வலத்தில் தேவாரம் பாடினார்கள். அக்காவின் பாட்டில் ஒன்றையாவது பாட யாருக்கும் தெரியவில்லை. முதிய பெண்கள் சிலர் மெட்டை முனகிப் பார்த்தார்கள், சொற்கள் வரவில்லை. எனக்குச் சொற்கள் தெரியும். அந்த இடத்தில் வாய் திறக்க எனக்குத் துணிவு இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஆறுமுகம் அண்ணனிடம் போனேன். அக்கா வேண்டாம் என்றதைத்தான் செய்தேன்; அவர் இல்லாத வீட்டில் அந்தப் பொய்யோடு உட்கார என்னால் முடியவில்லை. அண்ணன் டீயைக் கையில் கொடுத்த பிறகுதான் சொல்ல முடிந்தது. கோர்ட்டில் பாட்டை மொழிபெயர்த்தவன் நான்தான் என்றேன். அவர் எதிரில் இருந்த கட்டிலில் உட்கார்ந்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணே."

"எப்பலேருந்து?"

"அன்னைக்கே."

அவர் எழுந்து வந்து என் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். இதை எழுதப் போகிறேன் அண்ணே என்றேன்.

"எழுது. முழுசா எழுது" என்றார். வாசல் வரை வந்தார். "போ" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரச் சொல்லவில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

அக்கா என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உட்கார ஒரு இடம் கொடுத்தார், என்னைப் பற்றிக் கணவரிடம் சொல்லாமல் இருந்தார். அந்தப் பாரத்தை இத்தனை ஆண்டுகளாகத் தன் வீட்டுக்குள்ளேயே எப்படிச் சுமந்தார் என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அவர் பாட்டைக் கேட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நினைவில் இருக்கும் அடிகளை எழுதி வையுங்கள், அல்லது எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் பாடிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். முதல் ஞாயிறு நான் எழுதிக்கொண்டிருந்தேன், பாட்டைக் கேட்கவில்லை. இரண்டாவதைக் கேட்டேன்.