முராத்தின் தாடி

முராத்துக்கு இரண்டு தாய்மொழிகள். ஈரானின் மேற்கு மலைகளில் அவன் பிறந்த ஊரில் ஓடைக்கு மேலே குர்து வீடுகள், கீழே லூரி வீடுகள். தகப்பன் குர்து, தாய் லூரி. ஆட்டைத் திட்டுவது ஒரு மொழியில், ரொட்டி கேட்பது மற்றதில் என்பான். ஓக்லாந்தில் அவனுக்கும் எனக்கும் இடையில் இருந்தது உடைந்த ஆங்கிலம் மட்டுமே. பாபடோயிட்டோயில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் ஆறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

1986 குளிர்காலத்தில் அவனுடைய தம்பி ஈராக்கோடு நடந்த போரில் செத்த செய்தி கடிதத்தில் வந்தது. முராத் சவரம் செய்வதை நிறுத்தினான். இறைச்சி வெட்டும் இடத்தில் தாடி கூடாது. ஆறு கிழமை பொறுத்த சூப்பர்வைசர், திங்கட்கிழமையும் தாடியோடு வந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

"வழிச்சுப்போட்டு வாவன்," என்றேன் நான்.

"நான் வழிக்கேலாது. ஆரும் வந்து வழிக்க வேணும்."

அவர்கள் ஊரில், குர்து வீட்டில் சாவு விழுந்தால் நாற்பது நாள் கழித்து ஒரு லூரிக்காரர் கத்தியும் புதுச் சட்டையும் கொண்டு வருவார். லூரி வீட்டுக்குக் குர்துகள் போவார்கள். அப்படித்தான் துக்கம் முடியும். தானாக வழித்தவன் செத்தவனை உதறிவிட்டவன்.

கிளென்ஃபீல்டில் ஜலால் என்று அவன் பக்கத்து மனிதர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். "உங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், வா" என்று சனிக்கிழமை காரில் ஏற்றினேன். துறைமுகப் பாலம் தாண்டும் வரை முராத் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தான். மடியில் புதுச் சட்டை.

ஜலால் கதவைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும் முராத்தின் முகம் விழுந்தது.

"இவரும் குர்து," என்றான் என்னிடம்.

ஜலால் சிரித்துவிட்டார். "நல்ல ஆளைப் பிடிச்சாய்! நான் இவனோட சேர்ந்து தாடி வளர்க்க வேண்டியவன்."

தேநீர் தந்து அனுப்பினார். திரும்பும்போது முராத் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"நீ குர்து இல்லைத்தானே?"

"நான் யாழ்ப்பாணம்."

"அப்ப நீ காணும். நீயே போதும்."

எங்கள் வீட்டுக் குசினிக்குள் கதிரை போட்டு அவனை இருத்தினேன். என் மனைவி ரதிதேவி சுடுதண்ணீரை வைத்துவிட்டு, "உங்கட தாடியே ஒழுங்கா எடுக்கத் தெரியாது, ஆரோ ஒருத்தன்ர கழுத்தில கத்தி வைக்கிறியள்," என்றாள். கத்தி வழுக்கி நாடியில் ஒரு இடத்தில் வெட்டிவிட்டது. அவன் அசையவில்லை.

"முடிஞ்சுது எண்டு சொல்லு. உன்ர பாஷையில."

"காணும் முராத். எழும்பு. வேலைக்குப் போ."

அவன் லூரியில் ஏதோ பதில் சொன்னான். வந்து வழித்தவருக்கு ஊரில் சொல்லும் நன்றியாம். திங்கட்கிழமை எனக்கு முன்னமே வேலைக்கு வந்து நின்றான்.

இந்த ஏப்ரலில், 1989இல், மாரடைப்பில் முராத் போய்விட்டான். இன்றைக்கு நாற்பத்தொரு நாள். நானும் அன்றிலிருந்து சவரம் செய்யவில்லை. றேசரை எடுக்கிறேன், திரும்ப வைக்கிறேன். "உங்கட அண்ணை செத்ததுக்குக்கூட நீங்கள் இப்பிடி இருக்கேல்லை," என்கிறாள் ரதிதேவி.

இன்று பின்னேரம் ஜலாலுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நீ தமிழன்," என்றார். "உனக்கு நான் வரலாம். ஞாயிறு வாறன். உன்ர சட்டை அளவு என்ன?"