அத்துவிட்ட பத்திரம்

அக்காவின் கல்யாணம் முறிந்ததை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்க் கூட்டம் உட்கார்ந்து, அக்காவும் அவள் புருஷனும் இனிச் சேர்ந்து வாழ வழியில்லை, அத்துவிட்டுவிடலாம் என்று முடிவு செய்தது. பாபநாசத்திலிருந்து முத்திரைத்தாள் வாங்கி வந்திருந்தார்கள். எழுத வேண்டியவர் வரவில்லை. அப்பா எழுந்து, "எம் மவன் எழுதுவான்" என்றார். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கூட்டம் நகர்ந்து எனக்கு இடம் விட்டது.

நிலப் பத்திரங்களில் பார்த்திருந்த வார்த்தைகளையெல்லாம் அள்ளிப் போட்டேன். இன்று முதல் ஒருவர் மேல் ஒருவருக்கு யாதொரு பாத்தியதையும் கிடையாது, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளத் தடையில்லை என்று எழுதினேன். வாசித்து முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர், "வக்கீல் தோத்தான் போ" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா கைநாட்டு வைத்தபோது அவள் விரல் சரியான இடத்தில் விழுகிறதா என்றுதான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவை அத்துவிட்ட மனுஷர் மறு வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டு நன்னிலம் பக்கம் போய்விட்டார். அக்கா நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டு எங்களோடு இருந்தாள். பதினோரு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர், மனைவியை இழந்தவர். லீவில் வந்திருந்தவர் வீட்டுக்கு வந்து அக்காவிடம் இரண்டு தடவை பேசினார். அதற்குப் பிறகு அக்கா வேலை விட்டு வந்ததும் தலை வாரிக்கொள்ள ஆரம்பித்தாள்.

கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் திரும்பிப் போவேன் என்றார் அவர். நான் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனேன். அங்கே வேலை பார்த்த ஓர் அம்மா முழுசாகப் படித்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு தம்பி. ஆனா இது செல்லாது. கோர்ட் ஆர்டர் வேணும்."

ஒரு நகலைக் கோர்ட்டில் கட்டிவிட்டதாக ஊர்ப் பெரியவர்கள் அன்றைக்கே சொன்னார்கள் என்று அப்பா சாதித்தார். அதை நம்பி கோர்ட்டுக்குப் போனேன். நகல் பிரிவில் இருந்தவர் கேஸ் நம்பர் கேட்டார். தெரியாது என்றேன். வருஷத்தைச் சொன்னேன். பொறுமையான ஆள். இரண்டு பெரிய ரிஜிஸ்டர்களை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"உங்க ஊர்லேருந்து அந்த வருஷம் ஒரே ஒரு விவாகரத்துதான். அது வேற ஆளுங்க."

"அப்ப எங்க அக்கா?"

"சட்டப்படி இன்னும் அவரு சம்சாரம்தான் தம்பி."

வக்கீலைப் பார்த்தேன். இப்படி அத்துவிடுவது எங்கள் வழக்கம் என்று நிரூபிக்கவும் கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்றார். அதனால் நன்னிலத்துக்கு பஸ் ஏறினேன்.

அவர் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். "மாமா" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"இன்னும் என்னடா மாமா? அதையும் சேத்துத்தானே அத்துவிட்டு எழுதின" என்று சிரித்தார்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"நான் இப்ப போயி கையெழுத்துப் போட்டா, உங்கக்காதான் எம் பொண்டாட்டின்னு ஆயிடும். அப்ப இவ யாரு?"

எனக்குத் தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி, சொம்போடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "எம் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஸ்கூல்ல இவரு பேருதாங்க குடுத்திருக்கு" என்றார். பிள்ளைகளின் உரிமைக்கு ஒன்றும் ஆகாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அந்த அம்மாவைப் பற்றி வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தம் வரை அவர் கூடவே வந்தார். "கல்யாணமே நடக்கலன்னு எழுதிடு. ரிஜிஸ்டர் பண்ணல, ஒரு போட்டோகூட இல்ல. அந்தப் பத்திரத்தக் கிழிச்சுப் போடு. உங்கக்காவும் தப்பிச்சா, நானும் தப்பிச்சேன். நீ எழுதினா யாரு மாட்டேம்பா?"

கும்பகோணம் வருவதற்குள் வாக்கியங்கள் என் மனசில் தயாராகிவிட்டன. இதை மறைக்க விரும்பவில்லை. அக்காவுக்கு விடிவு வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறம் நிற்கவில்லை.

"அப்ப அந்தப் புள்ள?" என்றாள்.

அவரோடு வாழ்ந்தபோது அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. அது போன பிறகுதான் எல்லாம் கெட்டது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் பத்திரத்தில், வாரிசு யாதுமில்லை என்று மட்டும் எழுதியிருந்தேன்.

"கல்யாணமே ஆவலன்னா அது யாருக்குப் பொறந்துச்சு? நீதான் படிச்சவனாச்சே, எழுதிக் காட்டு பாப்போம்."

நான் எதுவும் எழுதவில்லை. அக்கா தனியாக விவாகரத்து மனுப் போடுவது என்று முடிவாயிற்று. அதற்குக் கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் வக்கீல். ஊர்ப் பத்திரம் ஒன்றுதான் இருந்தது, அது போதாது. குழந்தை எங்கே பிறந்தது என்று கேட்டார். அரசு ஆஸ்பத்திரியில் என்றாள் அக்கா.

பிறப்பு இறப்புப் பதிவு ஆபீசுக்கு அவளும் வந்தாள். தாய் பெயர், தந்தை பெயர் எல்லாம் சரியாக இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

"பேரு சேக்கலையாம்மா? இன்னும் டைம் இருக்கு, எழுதிக் குடுத்தா சேத்துடலாம்" என்றார் கவுன்டரில் இருந்த இளைஞர். கேட்டுக்கொண்டே எங்கள் இரண்டாவது விண்ணப்பத்தைப் புரட்டினார். அது இறப்புச் சான்றுக்கானது.

"பேரு வைக்கல சார். ரெண்டையும் குடுங்க" என்றாள் அக்கா.

மனுவைக் கோர்ட்டில் ஏற்றுக்கொண்டு நம்பர் போட்டார்கள். நன்னிலத்துக்காரர் ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு, அப்படியொரு கல்யாணமே நடக்கவில்லை என்று பதில் போட்டார். பிறப்புச் சான்றில் தன் பெயரை யார் கொடுத்தது என்றே தெரியாது என்றும் அதில் இருந்தது. அந்தப் பதிலை அக்காவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அந்த வரியில் என் குரல் இறங்கியது. "சத்தமா படி" என்றாள்.

அதற்குப் பிறகு வாய்தா மேல் வாய்தா. ஒரு நாள் ஜட்ஜ் லீவு, ஒரு நாள் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. சிங்கப்பூர்க்காரர் அதற்கு முன்பே லீவு முடிந்து, பதிவு நடக்காமலே போய்விட்டிருந்தார். தினம் பேசியவர் வாரம் ஒரு முறை பேசினார். அறுவடை முடிந்த சமயம் அவருடைய தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. அண்ணனுக்கும் வயசு போவுதுல்ல. கும்பகோணத்துல ஒரு எடம் பாத்திருக்கு" என்றார். அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டேதான் சொன்னார். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, தெருமுனை வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள்.

அடுத்த முறை கோர்ட்டுக்குப் போனபோது, வரன் தவறிவிட்டதை வக்கீலிடம் சொன்னேன். அவர் அக்காவைப் பார்த்து, "இனி அவசரம் ஒண்ணும் இல்லையேம்மா. வேணும்னா வாபஸ் வாங்கிடலாம். உங்களுக்கு அலைச்சல் மிச்சம். அடுத்து உங்கள கூண்டுல ஏத்தி அந்தக் கொழந்தையப் பத்தியெல்லாம் கேப்பாங்க" என்றார்.

"கேக்கட்டும் சார். வாய்தா என்னைக்கு?"

தேதியைச் சொன்னார். அக்கா விரல் விட்டு எண்ணினாள்.

"அன்னைக்குக் களையெடுப்பு இருக்கு. நான் வெள்ளனவே வயல்ல எறங்கிட்டு, பத்து மணிக்கு இங்க வந்துடறேன்" என்றாள்.