மஞ்சப்பையில் ஒரு விலா எலும்பு

என் பீரோவின் மேல்தட்டில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. ஜவுளிக்கடைப் பெயர் வெளுத்துப்போன பை. உள்ளே விரல் நீளத்தில் ஒரு விலா எலும்புத் துண்டு. அதை என்னிடம் கொண்டுவந்த பெண்மணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

எரியோட்டுப் பக்கம் நான் கால்நடை மருத்துவராக இருந்தேன். அந்தப் பெண்மணி அங்கே பூந்தோட்டங்களில் மல்லிகை பறிக்கும் கூலி. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மூட்டை தூக்கப் போன கணவர் திரும்பவில்லை. யாரோ அடித்துப் புதைத்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. அதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எங்கே ஜேசிபி மண்ணைத் தோண்டினாலும் இவர் போய் நிற்பார். எலும்பு கிடைத்தால் ஸ்டேஷனுக்கு ஓடுவார். "மொதல்ல மாட்டு டாக்டர்ட்ட காட்டிட்டு வா" என்று விரட்டிவிட்டார்கள். அப்படித்தான் என்னிடம் வந்தார். முதலில் வந்தது ஒரு காலெலும்பு. கீழ்முனை இரண்டாகப் பிரிந்திருந்தது. குளம்பு பிளந்த பிராணிகளுக்குத்தான் அப்படி இருக்கும் என்று காட்டி, "கன்னுக்குட்டிம்மா" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்த மடையன் நான். "அவரு இல்லன்னு தெரிஞ்சா ஒருவாட்டி அழுது முடிச்சிருவேன் சார். பறிக்கிற பூவத் தலையில வைக்கவா வேணாமான்னு தெனமும் ரோசிச்சு முடியல" என்றார்.

பிறகு நாயின் தாடை, ஆட்டின் தொடை என்று வந்துகொண்டே இருந்தது. போகப்போக அவரே, "இது ஆடுதான சார், கொஞ்சம் பாத்துருங்க" என்பார். நான் தலையாட்டுவேன்.

இந்தத் துண்டைக் கொண்டுவந்த அன்று மட்டும் அவர் ஆடுதானா என்று கேட்காமல், மேசையில் பையைத் திறந்து காட்டினார். வாசலில் ஈன முடியாமல் ஒரு பசு கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அவசரம். கையில்கூட வாங்காமல், "ஆடும்மா" என்றேன். "அம்புட்டுத்தானா" என்றவர், பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். மாலையில்தான் எடுத்துப் பார்த்தேன். இரண்டு முனையும் உடைந்த விலா. ஆடா, மனிதனா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொன்ன வாயை மாற்றிச் சொல்ல வெட்கப்பட்டு, நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். இடமாற்றம் வந்துவிட்டது.

பணி ஓய்வுக்குப் பிறகு, மனம் கேளாமல் போன மாதம் அவரைத் தேடிப் போனேன். அவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னார்: "ஒங்ககிட்ட கடைசியா வந்துட்டுப் போனதுலருந்து எலும்பு தேடப் போகல சார். அவரு எங்கயோ உசுரோட இருக்காருன்னு தெருவையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. சுமங்கலின்னு தல நெறையப் பூ வச்சுத்தான் அனுப்புனோம்."

துண்டை இப்போதும் பரிசோதனைக்கு அனுப்பலாம். முடிவு வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பையை மடித்து மறுபடியும் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.