பாஸ் வரட்டும்

பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த இன்னாசிராஜ் வாழ்நாளில் ரயில் டிக்கெட் வாங்கியதில்லை. ரயில்வேக்காரனுக்கு இலவச பாஸ் உண்டு. காசு கொடுத்து ஏறுவது கௌரவக் குறைச்சல். 1958இல் திண்டுக்கல்லிலிருந்து தந்தி வந்தது: அம்மா சாகக் கிடக்கிறாள்.

“டிக்கெட் எடுத்துட்டு உடனே கிளம்புங்க” என்றாள் மனைவி பேட்ரிசியா.

“பாஸுக்கு எழுதிக் குடுத்தாச்சு. டிக்கெட்டோட போனா நம்மளத் தெரிஞ்ச செக்கர் சிரிப்பான்டி.”

பாஸ் முறைப்படி மறுநாள் வந்தது. அவர் போய் இறங்கியபோது, அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“நேத்து பூரா உன் பேரையே சொல்லிச்சுண்ணே” என்றாள் தங்கை.

ரயில்வேயைக் குறை சொல்ல முடியாது. பாஸ் திரும்பி வரவும் செல்லும். இன்னாசிராஜ் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்.

செக்கர் சிரிக்கத்தான் செய்தார்.