மூச்சுக்குழாயில் ஒரு மிதவை

எங்களுடையது பழைய டர்போ டீசல் கார். இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் ரப்பர் குழாயில் ஆயில் கசிந்தது. மெக்கானிக்கிடம் விடலாம் என்றிருந்தேன். அதற்குள் கிளிஞ்சல்மேட்டிலிருந்து என் கொழுந்தனார் வந்துவிட்டார். சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். அதனால் உலகத்து இன்ஜின் எல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைப்பு.

“இதுக்குப் போயி மெக்கானிக்கா? கரையேத்துன போட்டுல இந்த ஓட்டைய அடைச்சுத்தான் வெப்போம் அண்ணி. அடைச்சுட்டா ஆயிலு எங்கேருந்து கசியும்?” என்றார். வலையில் கட்டும் மிதவை ஒன்றைச் செதுக்கி, குழாய்க்குள் அடித்து இறுக்கி, மறுபடி மாட்டினார். கரையேற்றிய படகு சும்மா நிற்கும், கார் ஓடும் என்பது அந்த மேதைக்குத் தோன்றவே இல்லை.

நெடுங்காட்டுக்குப் போகும் வழியில் பானட்டிலிருந்து புகை மண்டியது. வெளியேற வழியில்லாத புகை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் தள்ளிவிட்டு, கொதிக்கும் டர்போ மேல் ஆயிலைப் பீய்ச்சியிருந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வயலுக்குள் ஓடினேன். தீப்பிடிக்காதது எங்கள் நல்ல நேரம்.

கடைசியில் பார்த்தால், குழாயோடு சேர்ந்த வால்வில் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. மெக்கானிக் புது வால்வு போட்டதும் கசிவு நின்றது.

கொழுந்தனார் கொஞ்சமும் அசரவில்லை. “கம்பியையும் சேத்துக் கட்டிருக்கணும் அண்ணி, வுட்டுட்டேன்” என்றார்.

இப்போதெல்லாம் பானட்டைத் திறப்பதற்கு முன் வாசல் கேட்டைப் பூட்டிவிடுகிறேன்.

– ஒரு வாசகி, காரைக்கால்